ஏழாம் இடம்

கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்மிலியா ஏழாம் பொத்தானை அழுத்திவிடுகிறார். கம்பளி மஃப்ளர் இன்னும் கழுத்தில் இருக்கிறது. ஒரு கையுறை பல்லில் தொங்குகிறது. எண்ணெய் ஊறிய பொட்டலத்தில் காலைச் சாப்பாட்டுக்கான பூரெக் அப்பம் அக்குளில் சூடு ஆறிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை வந்த டேப்பை உள்ளே தள்ளிப் பொத்தானைத் தொட்டதும், இயந்திரம் முனகிக்கொண்டே ஓடி ஓரிடத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். யாரோ ஒரு அணில் "என் கொட்டை, என் கொட்டை" என்று அழுகிறது. நிறுத்துகிறார். "இவரு இல்ல" என்கிறார். அப்புறம்தான் எனக்குக் காலை வணக்கம்.

நோவி ஸாத் நகரில், டான்யூப் கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் டப்பிங் ஸ்டுடியோ. வெளிநாட்டுக் கார்ட்டூன்களை எங்கள் மொழியில் பேசவைக்கிற இடம். கரடிக்கும் முள்ளம்பன்றிக்கும் வசனம் எழுதுவது என் பிழைப்பு. நடிகர்கள் அதைப் பேசும்போது பதிவு செய்வது ஸ்மிலியாவின் பிழைப்பு. வார இதழ்க்காரர்கள், "நம்ம ஊர்ல சாதாரணமா ஒரு ஆளப் பாத்து எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது எனக்கு வேறு முகம் தோன்றவில்லை. அவரிடமே சொன்னேன். "எழுது, எழுது. ஆனா என்னை ஒல்லியா எழுது" என்றார். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

ஐம்பதைத் தாண்டியவர். அகலமான தோள், குட்டையாக வெட்டிய நகம், நடந்தால் சத்தம் வராத கம்பளிச் செருப்பு. ஸ்டுடியோவில் யாரும் சூரியகாந்தி விதை கொறிக்கக் கூடாது, நைலான் சட்டை போடக் கூடாது, காலையில் சாப்பிடாமல் வரக் கூடாது. காலி வயிறு உறுமினால் மைக் அதையும் எடுத்துக்கொள்ளும். புதிதாக வந்த நடிகை ஒருத்தியின் வயிற்றை விரலால் சுட்டி, "மொதல்ல இதுக்கு எதையாவது போட்டு வாயடைச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்று. எங்கள் ஊர்க்காரர்கள் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்ததைவிட, எதிரெதிர் சன்னல் திறந்திருந்தால் நடுவே புகுந்து வருமே, அந்தக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ப்ரொமாயா என்போம். பல்வலி, காதுவலி, கழுத்துப் பிடிப்பு, பிள்ளை தங்காமல் போவது, எல்லாம் அதன் வேலை. ஸ்மிலியா இதில் எங்கள் எல்லாருக்கும் தலைவி. கீழ்த்திசையிலிருந்து கோஷவாக் காற்று கிளம்பிவிட்டால் சன்னல் இடுக்கெல்லாம் பழைய கம்பளித் துண்டு அடைத்துவிடுவார். கழுத்தைத் திறந்துபோட்டு யார் வந்தாலும், நிறுத்தி, அவர்கள் மஃப்ளரைத் தன் கையால் இரண்டு சுற்று சுற்றி, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் உள்ளே விடுவார். ஸ்டுடியோ முதலாளிக்கும் அதே முடிச்சுதான்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடியோ கேசட் அளவுள்ள டேப்பில் எட்டுத் தடங்களில் பதிகிற டிஜிட்டல் ரெக்கார்டர். டேப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. மணி, நிமிடம், நொடி, நொடிக்குள்ளே இன்னும் சின்னத் துண்டு. டைம் கோட் என்பார்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, 'ஸ்டோர்' அழுத்தி, ஓர் எண்ணைத் தொட்டால் அந்த விலாசத்தை இயந்திரம் மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது அந்த எண்ணைத் தொட்டாலும் ஓடிப்போய் அங்கே நிற்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை பத்துப் பொத்தான்.

ஸ்மிலியா இந்தப் பத்துப் பொத்தானோடுதான் வெளியுலகத்திலும் நடமாடுகிறார். மீன் சந்தையில் கெண்டை விற்கிறவள் பேச்சை மாற்றினால், "அந்தக் கதையெல்லாம் வேணாம், ரெண்டுக்குப் போ. ரெண்டுல என்ன வெல சொன்ன?" என்பார். தங்கையோடு தொலைபேசியில் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, "சரி விடு, அது நாலுலயே கெடக்கட்டும். நான் அங்க போகல, நீயும் போகாத" என்று முடிப்பார். பூஜ்யத்தில் எப்போதும் அன்றைக்கு அந்த அறையின் மௌனம். யாரும் பேசத் தொடங்கும் முன் அறை எப்படி இருந்தது என்பதை அரை நிமிடம் பதிந்து வைப்பார். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். "மௌனம்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்காத. ஒவ்வொரு நாளைக்கும் ஒரு மௌனம் உண்டு. செவ்வாக்கெழம மௌனத்த புதன்ல ஒட்டிப் பாரு, தையல் தெரியும்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். வெறும் டேப்பை ஓட்டினால் அளவுகாட்டும் விளக்குகளில் ஒன்றுகூட எரியாது. ஆள் இருந்த அறையின் மௌனத்தை ஓட்டினால் அடிவிளக்கு ஒன்று மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழாம் எண் அவர் கணவர் திஹோமிருடையது.

திஹோமிர் நடிகர். இந்த நகரத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே அவர் குரலில் கரடியைக் கேட்டு வளர்ந்தது. தெருவில் போனால் பொடிசுகள் பின்னால் ஓடி, "கரடி மாமா, ஒரு தடவை உறுமுங்க" என்று கெஞ்சும். உறுமிவிட்டுத்தான் ரொட்டி வாங்கப் போவார். மைக் முன்னால் மட்டும் அவர் ஒரு சொதப்பல். முதல் தடவையில் எந்த வசனமும் சரியாக வராது. அதனால் ஸ்மிலியா ஏழாம் எண்ணை அவருக்கென்றே ஒதுக்கி, தவறிய இடத்தை அதில் போட்டு வைப்பார். "திஹோ, ஏழு!" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தால், அந்தப் பக்கம் அவர் மூச்சைக் கூட்டிக்கொள்வார். சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. பிறகு கரடி பேசும். கரடியின் மூச்சு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அது வராமல் அவருக்கு வசனம் வந்ததேயில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, மூச்சுவிட ஒரு குழாய் பொருத்தினார்கள். அதன்பின் அவர் இருந்தது சில வாரங்கள்தான், அதிலும் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டிலில். கடைசி நாட்களில் ஒருமுறை ஸ்மிலியாவின் கையைப் பிடித்து, தன் ஐந்து விரலையும் இன்னொரு கையின் இரண்டு விரலையும் விரித்துக் காட்டினாராம். ஏழு மணியா என்று கேட்டிருக்கிறார் ஸ்மிலியா. இல்லை என்று தலையாட்டல். ஏழாம் வார்டா? இல்லை. பிறகு அந்த ஏழு விரலையும் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அடக்கம் முடிந்து ஸ்டுடியோவுக்கு வந்த அன்றுதான் ஸ்மிலியாவுக்கு உறைத்தது. ஏழாம் பொத்தானைத் தொட்டார். இயந்திரம், ஸ்மிலியா ஒருபோதும் போட்டு வைக்காத ஓர் இடத்துக்கு ஓடியது. முப்பத்தோராம் நிமிடம், நான்காம் நொடி, பதினெட்டாம் துண்டு. அங்கே இருந்தது எவனோ ஒரு விளம்பரக்காரனின் இருமல். ஏனென்றால் இயந்திரத்துக்கு விலாசம்தான் ஞாபகம். குரல் இருப்பது டேப்பில். எந்த டேப் என்று இயந்திரத்துக்கும் தெரியாது.

"வீட்டு நம்பர மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு மனுசன்" என்றார் என்னிடம். "தெருப் பேரச் சொல்லல. ஆபரேசனுக்கு மொதநாள் என்னைய வெளிய அனுப்பிட்டு ரூம்ல தனியா உக்காந்திருந்தாரு. அன்னைக்குத்தான் எனக்கு எதையோ பேசி வச்சிருக்காரு. இந்த எடத்துல, ஏதோ ஒரு டேப்புல."

எங்கள் அலமாரியில் டேப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அழித்து அழித்து எழுதுவதால் மேலே ஒட்டிய சீட்டை யாரும் நம்புவதில்லை. தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய்த் திரும்பும், சுபோத்திட்சாவில் உள்ள ஸ்டுடியோவுக்குக் கடன் போகும், வேறு டேப்பாகத் திரும்பிவரும். கையில் அகப்படும் ஒவ்வொன்றையும் முதலில் ஏழாம் இடத்துக்கு ஓட்டிப் பார்ப்பது அப்படி வந்த பழக்கம். முதலில் எல்லாரும் பரிதாபப்பட்டோம். அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம் கொஞ்சம் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம், அந்த இடத்தில் கிடைக்கும் பேச்சு. ஸ்மிலியாவுக்கு முழங்கால் வலித்த வாரம், ஏழாம் இடத்தில் ஒரு வாத்து "மெதுவா ஏறு, படி வழுக்கும்" என்றது. கல்லறைக்குப் போகாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், ஒரு கிழட்டு ஆமை "நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்" என்றது. தற்செயல்தான், எனக்குத் தெரியும். கார்ட்டூனில் மிருகங்கள் பேசாத பேச்சா? ஆனாலும் ஒருநாள், இருட்டுக் காட்டில் ஒரு ஓநாய், "யாரைத் தேடுற?" என்று கேட்டது. அந்த வசனத்தை எழுதியவன் நான். என் மேசையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே எழுதியது. ஸ்மிலியா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சன்னலைப் பார்த்தேன். அன்றிலிருந்து முப்பத்தோராம் நிமிடத்துக்குக் கிட்டே யாரையும் கேள்வி கேட்கவைக்க எனக்குக் கை வருவதில்லை.

நடிகர்கள் இதை வைத்துக் குறி கேட்கவும் ஆரம்பித்தார்கள். "அக்கா, எனக்கு அந்த வேலை கெடைக்குமா, ஏழுல என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்று வருவார்கள். "போடா, அது என்ன கோயில் பூசாரியா?" என்று விரட்டுவார். விரட்டிவிட்டு, தனக்கென்று ஒருமுறை கேட்டுக்கொள்வார்.

வேறு எந்த விதத்திலும் அவர் துக்கத்தில் வாழ்கிறவர் இல்லை. சிரிப்பார், நன்றாகச் சாப்பிடுவார், பிளம் பிராந்தியில் எது காய்ச்சியது எது கலப்படம் என்று மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவார். ஒருமுறை அவரோடு கல்லறைக்குப் போனேன். எங்கள் வழக்கப்படி கருங்கல்லில் இருவர் முகமும் பொறித்திருக்கிறது. திஹோமிரின் பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும். பக்கத்தில் ஸ்மிலியாவின் பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அதன்பின் வெற்றுக் கல். எல்லாக் கல்லறையிலும் பார்க்கிறதுதான். ஆனால் கல்லில் இருக்கும் ஸ்மிலியாவின் முகத்தை ஸ்மிலியாவே ஈரத்துணியால் துடைத்ததைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. "என்னத்துக்கு முழிக்கிற? என் எடத்த ஸ்டோர் பண்ணி வச்சிருக்கு. பொத்தான அமுக்குறதுதான் பாக்கி" என்றார்.

போன குளிர்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். முள்ளம்பன்றித் தொடருக்காக முன்னொரு காலத்தில் எடுத்த டேப் ஒன்று கிடைத்தது. ஏழாம் இடத்தில் பேச்சே இல்லை. அடிவிளக்கு துடித்தது. பிறகு கீச்சென்று மெல்லிய ஊளை. ஒன்று. உடனே இன்னொன்று. ஸ்மிலியா துள்ளி எழுந்து சன்னல் இடுக்குகளைத் தடவிப் பார்த்தார். டேப்பை நிறுத்தினார், ஊளையும் நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி அதே ஊளை. அப்போதுதான் வெளியே வீசுகிற காற்று இல்லை, டேப்புக்குள் இருக்கிற காற்று என்று புரிந்தது.

"சன்னலத் தொறந்து போட்டுட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கான் பாரு, எந்தக் கட்டையில போறவனோ!"

மேலே சீட்டு ஒட்டி 'காற்று' என்று எழுதி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார். அந்தப் பெட்டி கோய்க்கோவுக்கு. கீழ்த்தளத்து அறையில் வானொலி விளம்பரங்கள் பதிகிறவன் கோய்க்கோ. நாற்பது வயது, நல்ல மனசு, உடம்பு வளையாது. பழைய டேப்பை எடுத்தால் முதலில் முழு நீளத்துக்கும் பார்மட் செய்து சுத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதற்கு டேப் ஓடி முடியும் நேரம் ஆகும். கோய்க்கோ அழித்ததாகச் சொல்வான், அழிக்க மாட்டான். ஒருமுறை பழரச விளம்பரம் முடிந்த கையோடு முள்ளம்பன்றி ஒன்று சிரித்தது ஊர் முழுக்க வானொலியில் கேட்டது. "சோம்பேறிக் கழுதை, பார்மட் பண்ணுடா" என்று ஸ்மிலியா அவனை வைவது எங்கள் கட்டிடத்தில் மாதாகோயில் மணி மாதிரி, தினம் உண்டு.

இனி இந்த மாதம். இதழுக்கு எழுதுவதற்காக ஸ்மிலியாவைப் பற்றி எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கட்டிடத்துக் காவலாளி ஜிவான் மாமாவிடமும் கேட்டேன். வாசலை ஒட்டிய சின்ன அறையில், மின்கணப்பில் காலை வைத்துக்கொண்டு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். ஸ்மிலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு, பருப்பை ஊதித் தோலை அகற்றிக்கொண்டே சொன்னார்.

"அந்த மனுசன் கடைசியா வந்துட்டுப் போன நாள நெனச்சா எனக்கு இப்பவும் என்னமோ பண்ணும்ப்பா. கழுத்துல மஃப்ளரு. உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு. பேச முடியல பாவம். வெரலால 'மேல, மேல'ன்னு காட்டுனாரு. சாவியக் குடுத்தேன்."

"எப்ப மாமா? ஆபரேசனுக்கு முன்னாடியா?"

"பேச முடியலங்கிறேன், முன்னாடியாங்கிற! அதுக்கப்புறம்தான். புனித நிக்கோலா நாளு. அவங்க குடும்பத்துப் புனிதர் இல்லையா, அதனால ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு வீட்டுக்கு விட்டிருந்தாங்க. அந்தம்மா ரொட்டியும் கோதுமையும் எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருந்துச்சு. இவரு அந்த நேரம் பாத்து இங்க வந்தாரு. ரொம்ப நேரம் மேல இருந்தாரு. எறங்கும்போது என்னப் பாத்து வாய்மேல வெரல வச்சாரு."

"இத ஸ்மிலியா அக்காகிட்ட நீங்க சொல்லலையா?"

"அது அவங்க புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். அந்தம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்? அதுவும் போக, வாயில வெரல வச்சாரேப்பா. செத்தவன் கேட்டுக்கிட்டத மீறலாமா?"

வால்நட் ஓடு அவர் மடியிலிருந்து உதிர்ந்தது. குரல்வளை இல்லாத மனிதர் மைக் முன்னால் போய் என்ன செய்தார்? ஆறு வருடமாக அந்தப் பெண் தேடுவது அவர் குரலை. அந்த நாளில் அவரிடம் குரலே இல்லை. இதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

"நீங்களே மேல வந்து சொல்லுங்க மாமா. என்னால முடியாது."

மாடி ஏறாத மனிதர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து என் பின்னால் ஏறி வந்தார். நாங்கள் உள்ளே போனபோது ஸ்மிலியா, அன்று வந்த டேப்பை ஏழாம் இடத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஜிவான் மாமா தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்ன வரிசை மாறாமல் சொன்னார். சாவி, மஃப்ளர், மூச்சு, வாய்மேல் விரல். ஸ்மிலியா இயந்திரத்தை நிறுத்தினார். அதன் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் அண்ணே இத்தனை வருசமா சொல்லல?"

"தெரியும்னு நெனச்சேம்மா."

"அப்ப, அவரு ஒண்ணும் பேசல."

ஜிவான் மாமா கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் குரலத் தேடியிருக்கேன்" என்றார், எங்களிடம் இல்லை, இயந்திரத்திடம். "பேச்சில்லாத டேப்பையெல்லாம் 'இவரு இல்ல'ன்னு எடுத்து எடுத்து வச்சிருக்கேன். எத்தனை வச்சேன்?" பிறகு அவர் கை தானாகத் தன் தொண்டைக்குழிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. "குழாய்" என்றார். "குழாயில மூச்சு விட்டா எப்பிடி இருக்கும் அண்ணே?"

ஜிவான் மாமா உதட்டைக் குவித்து, சொல்ல வெட்கப்படுகிறவர் போல, மெல்ல ஊதிக் காட்டினார். கீச்சென்று மெல்லிய ஊளை.

ஸ்மிலியாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கம்பளிச் செருப்போடு அவர் படியிறங்கி ஓடிய ஓட்டத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்டியிட்டு, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தோம். 'காற்று' என்று எழுதியது அதில் இல்லை. ஜிவான் மாமாவும் இறங்கி வந்து சேர, ஸ்மிலியா கோய்க்கோவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். உள்ளே ஒரு பெண்குரல் தொத்திறைச்சியின் ருசியைப் பாடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் மேல் காலிக் கூடு ஒன்று கிடந்தது. அதன்மேல் ஸ்மிலியாவின் கையெழுத்தில் 'காற்று'.

"கோய்க்கோ, இதுல என்னடா இருக்கு?"

"தொத்திறைச்சி விளம்பரம் அக்கா. இப்பத்தான் முடிச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

"எழுதுறதுக்கு முன்னாடி பார்மட் பண்ணுனியா?"

கோய்க்கோ எங்கள் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தான். பல வருடப் பழக்கத்தில் அவன் வாய் பொய்க்குத் தயாரானது. "பண்ணினேன் அக்கா, முழுசா பண்ணினேன். சத்தியமா."

ஸ்மிலியா சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் கோய்க்கோ பொய்யை விட்டுவிட்டான். "இல்லக்கா. பண்ணல. எம் பிள்ள மேல சத்தியமா பண்ணல. நான் எப்பவும் பண்றதே இல்ல. முன்னாடி கொஞ்சம் மட்டும் எழுதுவேன், மிச்சம் அப்படியே கெடக்கும். மன்னிச்சிருங்க."

ஸ்மிலியா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் வழக்கப்படி மாறிமாறி மூன்று முறை முத்தமிட்டார். "சோம்பேறிக் கழுதை. என் தங்கமே, நீ நல்லா இருப்ப" என்றார். கோய்க்கோவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் அவன் கண் கலங்கிவிட்டது.

டேப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தோம். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. உள்ளே தள்ளினார், உட்கார்ந்தார், பாவாடையை நீவிவிட்டுக்கொண்டார். ஏழாம் பொத்தான். தொத்திறைச்சிப் பாட்டையும், முள்ளம்பன்றியையும், பெயர் தெரியாத யார்யாரையோ தாண்டி இயந்திரம் ஓடியது. நின்றது. ஓடவிட்டார்.

அடிவிளக்கு துடித்தது. ஆள் இருந்த அறை. நாற்காலி ஒன்று லேசாக முனகியது. இப்போது ஸ்மிலியா உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. பிறகு ஊளை. சின்னதாய் ஒன்று. சின்னதாய் இன்னொன்று. போன குளிர்காலத்தில் அவர் நிறுத்தியது இந்த இடத்தில்தான். இப்போது நிறுத்தவில்லை. மூன்றாவது வந்தது. நீளமாக, கடைசியில் கொஞ்சம் நடுங்கி.

பிறகு வசனம் வரவேண்டிய இடம். அங்கே ஒன்றுமில்லை, விளக்கு மட்டும் துடித்தது.

மறுபடியும், சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. மறுபடி ஒன்றுமில்லை. தவறவிட்டவர் திரும்ப ஏழாம் இடத்துக்கு வந்து மூச்சைக் கூட்டிக்கொள்வது போலவே, மீண்டும், மீண்டும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் நாலு பேரும் எங்களை அறியாமல் முன்னால் சாய்ந்தோம். ஒவ்வொரு தடவையும் கரடி பேசவில்லை. கோய்க்கோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். ஜிவான் மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த அறையில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அதை நான் வேறு மாதிரி எழுத முடியாது. எனக்குப் பயமாக இருந்தது, எழுந்து போகவும் மனமில்லை.

"திஹோ" என்றார் ஸ்மிலியா மெதுவாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பது போல. "போதும். இது நல்லா வந்திருக்கு."

டேப்பில் மூச்சு தொடர்ந்தது. சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று.

"கோய்க்கோ, சன்னல் சாத்தியிருக்கான்னு பாரு."

சாத்தித்தான் இருந்தது, இடுக்கிலெல்லாம் கம்பளியும் அடைத்திருந்தது. இருந்தாலும் கோய்க்கோ போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். ஸ்மிலியா எழுந்தார். தன் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றினார். உட்கார்ந்த மனிதனின் தலை உயரத்தில் தாங்கியின்மேல் நிற்கும் ஸ்பீக்கரிடம் போய், அதை இரண்டு சுற்று சுற்றி, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டார்.